ஆய்வுப் பொருளுக்கு அனுமதி இல்லை

இசபெல்லாவைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்திருக்கிறது என்பது, தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களின் தெரு முழுவதற்கும் தெரியும். படித்தவர்தான் யாருமில்லை. இசபெல்லாவும் படித்ததில்லை. எழுதியவன் சொல்லிவிட்டுப் போனதுதான்.

“அக்கா, கடல் இருக்கிற வரைக்கும் உங்க பேரு இருக்கும்.”

எழுதியவன் இசக்கியப்பன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல் விளைகிற ஊர். அறுபத்தொன்றில், கையில் ஒரு நோட்டும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, ஒரு சங்குப் பருவம் முழுக்க இசபெல்லா வீட்டிலேயே தங்கினான். முதல் வாரம் மீன் வாடை ஆகாது என்று மூக்கைப் பிடித்தவன், பருவம் முடிவதற்குள் சீலா மீனில் நடுத்துண்டு எது, வால்துண்டு எது என்று குழம்புச் சட்டியைப் பார்க்காமலே சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான். தின்ற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கேள்வி.

“அண்ணன் கடலுக்குப் போனதும் நீங்க என்னக்கா நினைப்பீங்க?”

“நல்லபடியா வரணுமேன்னு நினைப்பேன்.”

“வந்ததும்?”

“எப்ப போவாருன்னு நினைப்பேன்.”

அதையும் எழுதிக்கொண்டான்.

“என்னத்துக்குத் தம்பி இதெல்லாம்?”

“சமூகவியல் அக்கா. மனுசங்களைப் பத்தின படிப்பு.”

“மனுசங்களைப் பத்தி மனுசங்களுக்கே தெரியாதாக்கும்?”

அதை மட்டும் அவன் எழுதிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு இசபெல்லாவின் புருஷன் சூசை நெஞ்சு நோவு கண்டு இறந்து போனார். எழுபத்தாறாம் வருஷம், தெருவே போகிற காலம் வந்தது. கரையோரம் பெரிய சாலை ஒன்று வரப் போவதாக அளவுச் சங்கிலியோடு வந்த அதிகாரி, தெருக்காரர்களை நிற்க வைத்துச் சொன்னார்:

“அறுபத்தஞ்சுக்கு முன்னாலயே இங்கன குடியிருந்தவங்களுக்குக் கடலோரமாவே மனை. பின்னால வந்தவங்களுக்கு உப்பளத்துக்கு அந்தப் பக்கம்.”

“நாங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இருக்கோமே ஐயா.”

“இருங்க. வேண்டாம்னு யாரு சொன்னா? அத்தாட்சி குடுங்க.”

கோயில் ஞானஸ்நானப் பதிவில் பேர் இருந்தது, தெரு இல்லை. குடும்ப அட்டையில் தெரு இருந்தது, பழைய வருஷம் இல்லை. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போனால், விடியுமுன்னே வள்ளம் ஏறுகிற ஆம்பிளை, முந்தின ராத்திரியே கிளம்பி நடக்க வேண்டும். தெரு வாய்பொத்தி நின்றபோதுதான் சூசையின் தங்கை ஜெபகனி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள்:

“எங்க மைனியப் பத்திப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியே எழுதியிருக்கு! தெருவோட எழுதியிருக்கு!”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “பல்கலைக்கழகம் அச்சடிச்சதா? அப்படின்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுதேன். மாதா கோயில் கொடியேத்தத்துக்கு முன்னால கொண்டு வந்து காட்டுங்க.”

கட்டுரை எங்கே இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. கடற்கரைச் சாலையிலேயே பல்கலைக்கழகம் ஒரு நூலகம் கட்டியிருந்தது. கடலோர மக்கள் சமூகவியல் ஆய்வு நூலகம் என்று பெயர். கடலோர மக்களின் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அதன் பின்சுவர் தெரியும். வாசலை மறுபக்கம் வைத்திருந்தார்கள், வாடை வராமலிருக்க.

மறுநாள் காலையில் மைனியும் நாத்தனாரும் புறப்பட்டுப் போனார்கள். வாசலில் காவலாளி மறித்தார்.

“பைக்குள்ள என்னம்மா?”

“நெத்திலிக் கருவாடு. எங்க இசக்கி தம்பிக்கு. இப்ப பெரிய பேராசிரியராமே, இங்கனதான் மாடியில உக்காந்திருக்காராமே?”

“டெல்லி மாநாட்டுக்குப் போயிருக்காரு. இன்னைக்கு வந்தாலும் வருவாரு. ஆனா நூலகத்துக்குள்ள நூலைத் தவிர வேற எதையும் கொண்டு போகக் கூடாது.”

“உள்ள இருக்க நூலை வெளிய கொண்டு போகலாமா?”

“அதுவும் கூடாது.”

“அப்ப இது என்னத்துக்கு இருக்கு?”

“பாதுகாக்க.”

கருவாட்டை வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்கு என்று பதிவேட்டில் எழுதி, ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார். அதை ஜெபகனி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் உதவியாளர் வன்னியபெருமாள் இருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“எந்த வகை வாசகர்? பேராசிரியர்னா அ. ஆராய்ச்சியாளர்னா ஆ. மாணவர்னா இ.”

“நாங்க கட்டுரைக்கு உள்ள இருக்கிற வகை அண்ணாச்சி.”

பேனா நின்றது. வன்னியபெருமாள் எழுந்து உள்ளே போய்த் தலைமை நூலகர் அருணாசலவடிவு அம்மாளை அழைத்து வந்தார். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் சங்கிலி கோர்த்த கண்ணாடி. அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் தானே இறங்கி நடந்து வந்ததைப் போல அந்த அம்மாள் இசபெல்லாவைப் பார்த்தார்.

“அப்படியா! நீங்க ஆய்வுப் பொருளா?”

“நான் இசபெல்லா.”

“ரொம்பச் சந்தோசம். நான் உங்க மக்களுக்காகவே இத்தனை வருசமா உழைக்கிறேன். உங்கள்ல ஒருத்தரைக்கூடத் தொந்தரவு பண்ணினது கிடையாது. நேருல பார்த்ததுகூடக் கிடையாது.”

“இப்பத்தான் பாத்துட்டீயளே. அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தாயி.”

அருணாசலவடிவு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பேசப் போகிறார் என்று தெரிந்து வன்னியபெருமாள் கைகட்டி நின்றார்.

“இங்க பாருங்கம்மா. ஒரு நூலகத்துல ரெண்டு தரப்புதான். படிக்கிறவரு ஒண்ணு, படிக்கப்படுறது ஒண்ணு. படிக்கப்படுறது எந்திரிச்சு வந்து, நானும் படிக்கணும்னு சொன்னா இந்தக் கட்டடம் தாங்குமா? இன்னைக்கு நீங்க வருவீங்க. நாளைக்குச் சிப்பி வந்து சிப்பியைப் பத்தின கட்டுரையைக் கேக்கும். ஆய்வுப் பொருள் களத்துல இருக்கணும். அதுதான் அதுக்கு மரியாதை.”

“களத்துல இருக்கத்தான் தாயி அந்தக் கட்டுரை வேணும். களத்த விட்டே துரத்துதாக.”

இதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இருக்கவில்லை. விதிப்புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வி அந்த அம்மாளுக்கு வருத்தத்தைத் தரும். நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“வாசகரா வர முடியாது. பொருளா வரலாம்.”

அப்படியாக இசபெல்லா, நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த பொருள் என்று பதிவானாள். மணிக்கட்டில் நூலால் ஒரு சீட்டைக் கட்டினார்கள். அதில் ஓர் எண்ணும், ‘குறிப்புதவிப் பிரிவு. இரவல் கிடையாது’ என்ற வாசகமும் இருந்தன.

“இவுக யாரு?” என்றார் வன்னியபெருமாள், ஜெபகனியைக் காட்டி.

“என் நாத்தனார்.”

“அப்ப இணைப்பு.” அவள் கையிலும் ஒரு சீட்டு ஏறியது.

“மைனி, நம்மள விலைக்கு வாங்கிட்டாகளா?” என்று ஜெபகனி காதோரம் கேட்டாள்.

“இல்லளா. சும்மாதான் வந்திருக்கோம்.”

தேடல் தொடங்கியது. சுவர் நீளத்துக்கு மரப்பெட்டிகள், பெட்டிக்குள் அட்டைகள். உலகத்தில் எந்த மூலையில் சமூகவியல் கட்டுரை வந்தாலும் அதற்கு இங்கே ஓர் அட்டை உண்டு என்றார் வன்னியபெருமாள். தேர் வடத்தைத் தொடுகிற பக்தியோடு ஒரு பெட்டியை இழுத்தார்.

“என்ன தலைப்பு?”

“சங்கு.”

“சங்கு... ‘மெல்லுடலிகள் காண்க’.”

“அது என்னது?”

“நத்தை, சிப்பி.”

“நாங்க நத்தை இல்லையே அண்ணாச்சி. கடலோர மக்கள்.”

“மக்கள்... ‘மனித வளம் காண்க’. மனித வளம்... ‘இயற்கை வளம் காண்க’. இயற்கை வளம்... ‘கடல்படு பொருள் காண்க’.” கை பரபரத்தது. “கடல்படு பொருள்... ‘சங்கு காண்க’.”

“பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டோம்லா?”

“பாத்தீயளா?” வன்னியபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒரு அட்டைகூட வழிதப்பல. சுத்தி வந்து சேருதுன்னா, அட்டவணை பழுதில்லாம இருக்குன்னு அர்த்தம்.”

எழுதியவன் பெயரில் பார்த்தார்கள். இசக்கியப்பன் என்று ஒருவன் பிறந்ததாகவே அட்டைகளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வயிறு கேட்டது. வெளியே போய் இரண்டு இட்லி தின்று வரலாம் என்று வாசலுக்குப் போனார்கள். காவலாளி சீட்டைப் படித்தார்.

“இரவல் கிடையாதுன்னு போட்டிருக்கே. வெளிய விட முடியாது.”

“ஒண்ணுக்குப் போகணுமே ஐயா.”

“அதுக்கு உள்ளேயே வசதி இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா அது வாசகர்களுக்கு.”

ஜெபகனி அவரைப் பார்த்த பார்வையில் அவரே கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். அவர் திரும்பவில்லை. வன்னியபெருமாள்தான் இரக்கப்பட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அழைத்துப் போனார்.

திரும்பி வந்ததும் புதிதாக ஒரு வழி சொன்னார்.

“அவருகிட்ட என்னெல்லாம் சொன்னீங்களோ அதை எங்கிட்டச் சொல்லுங்க. நான் தலைப்பா மாத்துதேன்.”

“என் மூத்த பிள்ளை பேதியில போச்சு. அதைச் சொல்லி அழுதேன்.”

“அதுக்குத் தலைப்பு ‘மக்கள்தொகை மாற்றம்’.” பெட்டியை இழுத்துப் பார்த்தார். “இல்ல. அடுத்தது?”

“மாமியார்காரி என்னைப் படுத்தின பாடு.”

“‘அதிகாரக் கட்டமைப்பு’. இல்ல.”

“மாதாவுக்குத் தேரு இழுக்கும்போது எல்லாரும் சண்டையை மறந்துட்டுச் சேந்து நிப்போம்.”

“‘சமூக ஒருங்கிணைவு’. ம்ஹூம்.”

“நம்ம வீட்டுக்குள்ள இம்புட்டுமா இருந்துச்சு மைனி?” என்றாள் ஜெபகனி. “பெருக்கும்போது ஒண்ணும் அகப்படலையே.”

வன்னியபெருமாள் சோர்ந்து உட்கார்ந்தார். “சரி, அவரு உங்க வீட்டுல என்னதான் செஞ்சாரு?”

“சாப்பிட்டாரு.”

“வேற?”

“மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாரு.”

“அட, இதை முதல்லயே சொல்லப்படாதா! அதுக்குப் பேரு ‘பங்கேற்று நோக்கல்’!”

ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியை இழுத்தார். அட்டை இருந்தது. ‘அப்பன், ஐ.’ என்று இருந்தது. இசக்கி கடல் தாண்டவில்லை போலிருக்கிறது.

கனத்த அட்டை போட்ட தொகுதியை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். இசபெல்லா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது.

“படிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“‘மணல்பட்டி: ஒரு தென்னிந்தியக் கடலோரக் குடியிருப்பில் பசியும் உறவும் பகையும்’.”

“மணல்பட்டியா? அது எங்கன இருக்கு?”

“அடிக்குறிப்புல போட்டிருக்கு. ‘தகவல் தந்தவர்களின் பாதுகாப்புக்காக ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் மாற்றப்பட்டுள்ளன. மாவட்டமும் மாற்றப்பட்டுள்ளது. கூடுதல் பாதுகாப்புக் கருதிக் கடலும் மாற்றப்பட்டுள்ளது’.”

“கடலையா?”

“மேற்குக் கடற்கரைன்னு போட்டிருக்காரு. இந்தா, இந்தப் பக்கத்துல சூரியன் கடல்ல மறையுது.”

இசபெல்லா அந்தப் பக்கத்தின்மேல் விரலை வைத்தாள். “சூசை பர்னாந்துன்னு ஒரு பேரு இருக்கா பாருங்க.”

“ராமன்னு ஒருத்தரு இருக்காரு. அவரு சம்சாரம் லட்சுமி. வயசு நாப்பத்தஞ்சு.”

“எனக்கு அப்ப முப்பத்திரண்டு!”

“பாதுகாப்புக்காகக் கூட்டியிருப்பாரு.”

“பாதுகாப்புக்காகக் குறைச்சா ஆகாதாக்கும்?”

ஜெபகனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மைனி, எங்க அண்ணனை ராமனாக்கிட்டான், பாருங்க. நான் இருக்கேனா? எனக்கு என்ன பேரு? சீதையா?”

“பொறுங்க, வாரேன்.” வன்னியபெருமாள் பக்கத்தைப் புரட்டினார். எதையும் ஒரே குரலில் படிக்கிறவர் அவர். “‘லட்சுமியின் கணவனுடைய தங்கை, ஞாயிறுதோறும் வழிபாடு முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். லட்சுமி அவளுக்கு எப்போதும் ஓர் அகப்பைச் சோறு குறைத்தே பரிமாறுவாள். மறுசோறு கேட்க அவளுக்கு வாய் வருவதில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி, பசியோடு எழுந்து போவாள். இதை லட்சுமியே ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டாள். உறவினரிடையே உறைந்து கிடக்கும் பகைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை’.”

பொத்தியிருந்த கையை ஜெபகனி எடுத்தாள். கைக்குள் சிரிப்பு இல்லை.

“இந்த நாத்தனார் யாரு மைனி?”

“அது... லட்சுமிக்கு நாத்தனார்.”

“பூசை முடிஞ்சு வருவாளாமே.”

இசபெல்லா தொகுதியை மூடப் பார்த்தாள்.

“ஊரை மாத்திட்டான். பேரை மாத்திட்டான். கடலையே மாத்திட்டான். என்னை மட்டும் ஏன் மைனி அப்படியே வச்சிருக்கான்?”

“ஏளா, நான் சொல்லுததக் கேளு...”

“எங்க மைனி கைச்சோறு போல வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அண்ணன் போன பெறகும் எனக்குப் பொறந்த வீடு இருக்குன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேனே. ஒத்த அகப்பை மைனி. சொல்லியிருந்தா நான் வராமலே இருந்திருப்பேன்லா.”

இசபெல்லா வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் பரபரப்பு எழுந்தது. டெல்லியிலிருந்து பேராசிரியர் வந்துவிட்டார். ஆள் அகலமாகியிருந்தார். அருணாசலவடிவு அம்மாள் பின்னால் வர, முகமெல்லாம் சிரிப்பாக நேரே மேசைக்கு வந்தார்.

“லட்சுமி அக்கா! எப்படி இருக்கீங்க?”

இசபெல்லா சுற்றிப் பார்த்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

“என் பேரு தெரியலையா தம்பி?”

பேராசிரியர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். “எத்தனை மாநாட்டுல உங்களைப் பத்திப் பேசியிருக்கேன், அக்கா! லண்டன்லகூட லட்சுமின்னா தெரியும்.”

“லண்டன்ல தெரிஞ்சு என்ன, இங்கன இருக்க அதிகாரிக்குத் தெரியலையே. மணல்பட்டிங்கிறது எங்க தெருதான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு தம்பி. கொடியேறிட்டா எங்களை உப்பளத்துக்கு அங்கிட்டுத் தள்ளிருவாக.”

பேராசிரியர் முகம் கனிந்தது. உட்கார்ந்தார். மேடை இல்லாத குறை தவிர, மற்றதெல்லாம் மாநாடுபோலவே இருந்தது.

“அக்கா, இந்தத் துறைக்கு ஒரு அறம் இருக்கு. தகவல் தந்தவங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாது. உலகமே கேட்டாலும் மணல்பட்டி எங்க இருக்குன்னு நான் சொன்னதில்ல. அதுக்காகத்தான் எனக்கு விருது குடுத்தாங்க. நீங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதபடி பதினஞ்சு வருசமா உங்களைக் காப்பாத்திட்டு வாரேன்.”

“யாருகிட்ட இருந்து தம்பி?”

“பொதுவா.”

“தகவல் தந்தவ நான்தானே? நானே சொல்லுதேன், போட்டு உடை.”

“உங்களுக்கு அந்த உரிமை இல்லக்கா. அது லட்சுமியோட ரகசியம். லட்சுமி கையெழுத்துப் போட்டுத் தரணும்.”

“லட்சுமியே நான்தானே!”

“அதுக்கு அத்தாட்சி?”

“நீதாம்லே அத்தாட்சி!”

“நான் சொன்னா ரகசியத்தை மீறினதா ஆயிருமே.”

அருணாசலவடிவு அம்மாள் மெய்சிலிர்த்தார். “அப்பழுக்கில்லாத முறையியல்!” என்று வன்னியபெருமாளிடம் சொன்னார்.

இசபெல்லா கடுதாசியை விட்டாள். தெருவையும் விட்டாள். ஜெபகனியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“சரி. அது போகட்டும். அந்த ஒரு அகப்பைச் சோத்தை யாருக்காகக் குறைச்சேன்னு இவகிட்டயாவது சொல்லிரு. பானை ஒண்ணு. நீ நெல்லு விளையிற பக்கத்துப் பிள்ளை, வயிறாரத் தின்னு பழகினவன், மறுசோறு இல்லாம எந்திரிக்க மாட்டே. வீட்டுக்கு வந்தவனுக்கு இல்லைங்கக்கூடாதுன்னு, உரிமைக்காரிதானே, பொறுத்துக்கிடுவான்னு, இவ தட்டுல குறைச்சு உன் தட்டுல போட்டேன். ‘பாவம் தம்பி, என் நாத்தனார் அரை வயித்தோட போறா’ன்னு உங்கிட்டச் சொல்லித்தாம்லே அழுதேன். நீ தின்னுக்கிட்டே கேட்டியே!”

“அது சரிதான் அக்கா. ஆனா ஆய்வாளர் கட்டுரைக்குள்ள வரக்கூடாது. அவரு களத்துல இல்லைன்னு வச்சுத்தான் எழுதணும்.”

“இல்லாதவனா சம்மணம் போட்டு உக்காந்து தின்னே?”

“தின்னது இசக்கியப்பன். எழுதினது ஆய்வாளர்.”

“அப்ப ஆய்வாளருக்கு வயிறே கிடையாதா?”

“முறையியல்படி கிடையாது.”

ஜெபகனி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லை, கன்னத்தில் மட்டும் வழிந்தது. பேராசிரியர் அவளைப் பார்த்தார். இசபெல்லாவைப் பார்த்தார். அவர் கண்ணில் பழைய இசக்கியின் ஆவல் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, மிகவும் அன்பாகக் கேட்டார்:

“இப்ப உங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தோணுது அக்கா?”

இசபெல்லாவுக்கு ஏசவும் அழவும் எவ்வளவோ இருந்தது.

“மைனி,” என்றாள் ஜெபகனி, கண்ணைத் துடைக்காமலே. “வாயத் தொறக்காதீங்க.”

இருவரும் எழுந்தார்கள்.

வாசலில் மறுபடியும் சீட்டு. குறிப்புதவிப் பொருள் வெளியே போவதானால் முறைப்படி இருப்பிலிருந்து கழிக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். அருணாசலவடிவு அம்மாள் வந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காரணத்துக்கு நேரே ‘சேதமடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இணைப்புக்கும் அதுவே போட்டார். ஜெபகனி முந்தானையை அவிழ்த்து வில்லையைக் கொடுத்துக் கருவாட்டைக் கேட்டாள்.

“அது அப்பவே ஐயா காருல ஏத்தியாச்சே,” என்றார் காவலாளி. “நீங்கதானே அவருக்குன்னு எழுதச் சொன்னீங்க?”

வன்னியபெருமாள் மட்டும் சாலைவரை ஓடி வந்து, கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சில் நகல் எடுத்ததை இசபெல்லா கையில் திணித்துவிட்டுப் போனார். அதை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சொன்ன சொல் தவறாதவர். பல்கலைக்கழகம் அச்சடித்தது என்பதால் எழுந்து நின்று வாங்கிப் படித்தார்.

“மணல்பட்டி. மேற்குக் கடற்கரை.” நிமிர்ந்தார். “ஏம்மா, உங்களுக்கு மனை வேணும்னா நீங்க அங்கல்லா போய்க் கேக்கணும்?”

கொடியேற்றத்தன்று மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே லாரிகள் தெருவுக்கு வந்தன. சட்டி பானை, வலை, ஆடு, பிள்ளை எல்லாம் ஏறின. இசபெல்லா ஏறிய லாரியில் ஜெபகனி ஏறவில்லை, அடுத்த லாரியில் ஏறினாள். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் குடிசை விழுந்தது. கடலைப் பார்க்க முடியாது. காற்று சரியாக இருந்தால் உப்பு வாடை மட்டும் வரும்.

ஒரு ஞாயிறு வந்தது. ஜெபகனி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, அவ்வளவு தூரம் நடந்து பூசைக்குப் போய்த் திரும்பியவள், தன் குடிசையைத் தாண்டி மைனி வாசலில் வந்து நின்றாள். இசபெல்லா பதறி எழுந்து பாயைப் போட்டாள்.

“வாளா. உக்காரு. உலை வச்சிட்டேன்.”

ஜெபகனி உட்காருவதற்கு முன் முந்தானையை அவிழ்த்தாள். இரண்டு கை அரிசி.

“இது என்னளா?”

“என் பங்கு. சேத்துப் பொங்குங்க மைனி.”

“ஏளா, இப்ப நம்ம ரெண்டு பேருதானே. பங்கு கேக்க இங்க யாரு இருக்கா?”

“இருந்தாலும் இருக்கட்டும்.”

இசபெல்லா வாங்கி உலையில் போட்டாள். சோறு வெந்ததும், தட்டு கொள்ளாமல் குவித்து வைத்தாள். ஜெபகனி தட்டைப் பார்த்தாள். தான் கொண்டு வந்த அளவுக்குக் கண்ணாலேயே கோடு போட்டதுபோல, மேலே இருந்ததைக் கையால் வழித்துத் திரும்பப் பானைக்குள் போட்டாள். மிச்சத்தைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“வேண்டாம் மைனி. வயிறு நெறைஞ்சிட்டு.”

கை கழுவ எழுந்து போனாள். சோற்றை அள்ளிய அகப்பையைக் கையில் பிடித்தபடியே இசபெல்லா இருந்தாள். வயிறு நிறைந்தது நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இனி முடியாது.